பத்து, ஏழு, மூன்று: மோட்டார் வாகனத் தகுதிச் சோதனையின் கால இடைவெளி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1961 ஆம் ஆண்டு பெப்ரவரி 15 ஆம் திகதி தொடக்கம், பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிய மோட்டார்க் கார்கள் ஆண்டுதோறும் சோதிக்கப்படல் வேண்டும் என்னும் விதி பிரித்தானியாவிலே கட்டாயமாயிற்று. அவ்வாண்டின் இறுதி நாளிலேயே பத்து ஏழாயிற்று. 1967 ஏப்பிரலில் ஏழு மூன்றாயிற்று. அதன் பின் அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்த மூன்றை நான்காக்கவும், ஆண்டுக்கொரு முறை என்பதனை ஈராண்டுக்கொரு முறை என்றாக்கவும் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் யாவும் தோல்வியிலேயே முடிந்தன. ஆறாண்டுக்குள் இருமுறை மாறிய ஓர் எண் பின்னர் அசையாது நின்றமைக்குக் காரணம் யாது? அறிவியல் ஆராய்ச்சி ஏதேனும் மூன்றே சரியென நிறுவியதா? இக்கேள்வியே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

வாகனத் தகுதிச் சோதனை பிரித்தானியாவின் கண்டுபிடிப்பன்று. ஐக்கிய அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்தில் 1926 இலேயே விருப்பத்தின் பேரிலான சோதனை இயக்கம் ஒன்று நடைபெற்றது. நியூசிலாந்து 1937 இல் ஆறு மாதத்துக்கொரு முறை சோதனை என்னும் கடுமையான விதியை ஏற்படுத்திற்று. போரிலே தோற்ற நாடுகளான ஜேர்மனியும் யப்பானும் 1951 இல் தத்தம் சோதனை முறைகளைச் சட்டத்தில் நிலைநிறுத்தின. ஆயின் போரில் வென்ற பிரித்தானியா இவ்விடயத்திற் பின்தங்கி நின்றது. அதற்கான சட்ட அதிகாரம் 1956 ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் மூலமே கிடைத்தது. அதிகாரம் கிடைத்த பின்னரும் அதனைப் பயன்படுத்த நான்கு ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

இத்தாமதத்தை விளங்கிக்கொள்ள அக்காலத்துப் பிரித்தானிய வீதிகளை மனக்கண் முன் கொண்டுவருதல் வேண்டும். போர்க்காலத்திற் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நின்றுபோயிற்று. போர் முடிந்த பின் வெளிநாட்டுச் செலாவணி தேடும் பொருட்டுக் கார்கள் பெருமளவில் ஏற்றுமதி செய்யப்பட்டன. உள்நாட்டில் புதிய கார் வேண்டியோர் நீண்ட காலம் காத்திருக்க நேர்ந்தது. கொள்வனவு வரியும் கடுமையாக இருந்தது. ஆகவே 1939 க்கு முற்பட்ட கார்களே ஐம்பதுகளிலும் பல குடும்பங்களின் கார்களாக இருந்தன. அவற்றுட் பல, கம்பியாலும் இரும்புத் தண்டுகளாலும் இயங்கும் பிறேக்குகளை உடையவை. 1950 இல் ஏறத்தாழ 20 இலட்சமாக இருந்த கார்த்தொகை 1960 அளவில் ஏறத்தாழ 50 இலட்சமாயிற்று. பழைய கார்களும் புதிய கார்களும் ஒரே வீதியில் வெவ்வேறு வேகத்தில் ஓடின. 1960 இல் மட்டும் பெரிய பிரித்தானியாவின் வீதிகளில் மாண்டோர் தொகை 6,970.

இந்நிலையில் சோதனையை வலியுறுத்தியோரின் வாதம் எளியது: தன் காரின் பிறேக்கைக் கவனியாதவன் தன் உயிரோடு மட்டும் விளையாடுகின்றானல்லன்; தெருவைக் கடக்கும் அந்நியனின் உயிரோடும் விளையாடுகின்றான். எதிர்த்தோரின் வாதமும் அலட்சியப்படுத்தற்குரியதன்று. பத்து ஆண்டு பழைய காரை வைத்திருப்பவன் செல்வனல்லன். புதிய காரை வாங்கும் வசதி படைத்தவனுக்குச் சோதனை இல்லை. வாங்க முடியாதவனுக்கே ஆண்டுதோறும் கட்டணமும் பழுதுபார்க்கும் செலவும் விதிக்கப்படுகின்றன. மேலும், சோதிப்பவர் அரசாங்க உத்தியோகத்தர் அல்லர். அனுமதி பெற்ற தனியார் கராஜ்காரர். குறை கண்டுபிடிப்பவரும் குறையைத் திருத்திப் பணம் பெறுபவரும் ஒருவரேயாயின் நீதி எங்ஙனம் நிலைக்கும் என்ற ஐயம் அன்றே எழுந்தது. இவ்விரு வாதங்களும் சிற்சில சொல் மாற்றங்களுடன் இன்றுவரை திரும்பத் திரும்ப வருகின்றன.

ஏர்னஸ்ற் மார்பிள்ஸ் போக்குவரத்து அமைச்சராக இருந்த காலத்தில், 1960 செப்ரெம்பர் 12 ஆம் திகதி, சோதனை விருப்பத்தின் பேரில் ஆரம்பமாயிற்று. சோதிக்கப்பட்டவை மூன்றே: பிறேக், ஸ்ரியறிங், விளக்குகள். கட்டணம் 14 சிலிங். சான்றிதழுக்கு மேலும் ஒரு சிலிங். மக்கள் இதனைப் பத்தாண்டுச் சோதனை என்றே அழைத்தனர். சோதனை கட்டாயமானதும் தேறாத வாகனங்களின் தொகை மிகப் பெரிதாக இருந்தமை புலப்பட்டது. அதுவே பத்தை ஏழாக்கிற்று. இங்கு ஒன்று நோக்கற்பாலது. பத்து என்னும் எண் பொறியியற் கணிப்பின் முடிவெனக் கொள்வதற்கு இடமில்லை. பயிற்சி பெற்ற கராஜ்கள் எத்தனை வாகனங்களைச் சோதிக்க முடியும், பொதுமக்கள் எவ்வளவைப் பொறுத்துக்கொள்வர் என்ற நிர்வாக மதிப்பீட்டின் முடிவே அது எனக் கொள்ளுதல் பொருத்தம். முதலில் மிகப் பழையவற்றை மட்டும் சோதித்து, கண்டது போதாதெனின் வலையை அகலமாக்குவது என்பதே நடைமுறையாயிற்று. 1962 இல் சோதனைச் சான்றிதழின்றி வாகன வரிப்பத்திரம் பெற முடியாது என்ற விதி வந்தபோதுதான் அவ்வலை உண்மையில் இறுகிற்று. சான்றிதழ் வழங்குவது ஒன்று. சான்றிதழ் இல்லாதவனைக் கண்டுபிடிப்பது வேறொன்று. ஏட்டிலே எழுதப்பட்ட இடைவெளி நடைமுறைக்கு வந்தது வரிப்பத்திரத்தின் வழியாகவே.

ஏழு மூன்றானமை வேறொரு சூழலில் நிகழ்ந்தது. 1966 இல் வீதி மரணங்கள் 7,985 ஐ எட்டின. சமாதான காலத்துப் பிரித்தானியா கண்ட உச்ச எண் அதுவே. அப்போது அமைச்சராக இருந்த பாபரா காசில் அம்மையார், 1967 இல் மணிக்கு 70 மைல் என்ற வேக எல்லையை நிரந்தரமாக்கினார். ஒக்ரோபரில் மதுபோதையைக் கண்டறியும் மூச்சுச் சோதனையைக் கொணர்ந்தார். மூன்றாண்டு விதியும் அதே ஆண்டுக்கு உரியது. 1967 இல் மரணங்கள் 7,319 ஆகவும் 1968 இல் 6,810 ஆகவும் குறைந்தன. இக்குறைவில் வாகனச் சோதனையின் பங்கு எவ்வளவு? மூன்று மருந்துகளை ஒரே வேளையில் உட்கொண்ட நோயாளி எந்த மருந்தால் குணமடைந்தான் என்று கூறவியலாதது போலவே இதனையும் கூறவியலாது. மூச்சுச் சோதனையின் பங்கே பெரிதென்பது பலரும் ஒப்பும் கருத்து. எனினும் மூன்றாண்டு விதியை ஆதரிப்போர் அறுபதுகளின் இறுதியில் மரணங்கள் குறைந்தமையைத் தம் பக்கச் சான்றாக எடுத்தாள்வதைக் காணலாம். வரலாற்று மாணவர் இத்தகைய சான்றுகளைக் கையாளும்போது எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

அதன் பின் இடைவெளி மாறவில்லை. சோதனையின் உள்ளடக்கமே வளர்ந்தது. 1968 இல் ரயர்கள் சேர்க்கப்பட்டன. 1977 இல் கண்ணாடி துடைப்பான், ஹோர்ன், புகைக்குழாய், ஆசனப்பட்டி, உடற்சட்டம் ஆகியன சேர்ந்தன. 1991 இல் பெற்றோல் வாகனங்களின் புகை சோதனைக்குட்பட்டது. உடற்சட்டம் சேர்ந்தது சாதாரண மாற்றமன்று. பிறேக்கின் தேய்வு ஓடிய தூரத்தைப் பொறுத்தது; கறள் பிடித்தலோ காலத்தையும், பனிக்காலத்தில் வீதியிற் கொட்டப்படும் உப்பையும் பொறுத்தது. ஆண்டுக்கு இரண்டாயிரம் மைல் மட்டும் ஓடும் முதியவரின் கார் கறளால் அழியலாம். இருபதாயிரம் மைல் ஓடும் விற்பனைப் பிரதிநிதியின் கார் கறளின்றியே ரயரால் ஆபத்தாகலாம். இரண்டுக்கும் ஒரே நாட்கணக்கை விதிக்கும் சட்டம் இரண்டிலொன்றுக்கு அநீதி செய்தே தீரும்.

இடைவெளி பற்றிய விவாதத்தை அறிவியலின் முன் நிறுத்திய பெருமை நோர்வேயைச் சாரும். எண்பதுகளின் பிற்பகுதியில், தனியார் கார்களுக்குக் காலந்தோறும் சோதனை நடத்தும் விதி அந்நாட்டில் இல்லாதிருந்தமையால், அரிய வாய்ப்பொன்று கிட்டிற்று. 204,000 கார்கள் தற்செயல் முறையில் மூன்று பிரிவுகளாக வகுக்கப்பட்டன. 46,000 கார்கள் மூன்றாண்டு காலம் ஆண்டுதோறும் சோதிக்கப்பட்டன. இன்னொரு 46,000 கார்கள் அக்காலத்துள் ஒரேயொரு முறை சோதிக்கப்பட்டன. எஞ்சிய 112,000 கார்கள் சோதிக்கப்படவேயில்லை. இவ்வாய்வின் முடிவை ஸ்ரைன் ஃபொஸர் 1992 இல் வெளியிட்டார். சோதிக்கப்பட்ட கார்களின் தொழினுட்ப நிலை உண்மையிலேயே மேம்பட்டிருந்தது. ஆனால் விபத்து வீதத்தில் மூன்று பிரிவுகளுக்குமிடையே வேறுபாடு காணப்படவில்லை.

இம்முடிவு சோதனை ஆதரவாளருக்குப் பேரிடியாக வந்தது. காரின் நிலை திருந்தியும் விபத்துக் குறையாதது எங்ஙனம்? பழுதான காரை ஓட்டுபவன் அதனை அறிந்து மெதுவாக ஓட்டுகின்றான் என்பது ஒரு விளக்கம். விபத்துக்களுட் பெரும்பாலானவை மனிதத் தவற்றாலேயே நிகழ்வன. எனவே வாகனக் குறையை முற்றாக நீக்கினாலும் மொத்தத் தொகையிற் சிறு பகுதியே குறையும். அச்சிறு பகுதி புள்ளிவிபர அலைவுக்குள் மறைந்துவிடும் என்பது மற்றொன்று. பிரித்தானியப் போக்குவரத்து ஆராய்ச்சிக் கூடம் 2011 இல் வெளியிட்ட அறிக்கை வாகனக் குறைகள் பங்களிக்கும் விபத்துக்களை ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று என மதிப்பிட்டமையை இங்கு இணைத்து நோக்கலாம். நோர்வே ஆய்வை முழு உலகுக்கும் பொதுவாக்குவது தவறு என்பது என் கருத்து. சோதனையே இல்லாத நிலையிலும் தம் கார்களைப் பேணும் வசதியும் பழக்கமும் உள்ள ஒரு சமூகத்தில் நடந்த ஆய்வு அது.

இதற்கு நேர்மாறான முடிவு நியூசிலாந்திலிருந்து வந்தது. ஒக்லாந்தில் நடைபெற்று 2003 இல் வெளியான ஆய்வொன்று, நடப்புச் சான்றிதழ் இல்லாத கார்கள், காயமோ மரணமோ ஏற்பட்ட விபத்துக்களில் அகப்படும் வாய்ப்பு ஏறத்தாழ மும்மடங்கு எனக் கண்டது. ஆயின் இரண்டு ஆய்வுகளும் ஒரே கேள்வியைக் கேட்கவில்லை. சான்றிதழ் பெறாது காரோட்டுபவன் பெரும்பாலும் வேறு விதிகளையும் மதியாதவனாக இருத்தல் கூடும். அவனது விபத்துக்குப் பிறேக் காரணமா, குணம் காரணமா என்பதை ஒப்பீட்டு ஆய்வால் முழுமையாகப் பிரித்தறிதல் அரிது. நோர்வேயிற் குலுக்கல் போன்ற முறை அப்பிரிவினையைச் செய்துவிட்டது.

நியூசிலாந்தின் ஆறு மாத விதி எழுபது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. ஆறு வயதுக்குக் குறைந்த கார்களுக்கு மட்டும் ஓராண்டு என்ற சலுகை இருந்தது. உலகில் மிக நெருக்கமான சோதனை முறைகளுள் ஒன்றாக அது கருதப்பட்டது. 2012 தொடக்கம் நடந்த விவாதத்தின் விளைவாக, 2014 இல், 2000 ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் முதன்முறை பதிவான கார்களுக்குச் சோதனை ஆண்டுக்கொரு முறையாயிற்று. அதற்கு முற்பட்டவைக்கு ஆறு மாத விதியே அப்போது தொடர்ந்தது. கராஜ்காரர் தம் தொழில் பாதிக்கப்படும் என்றனர். அரசாங்கம் குடும்பங்களின் பணமும் நேரமும் மிஞ்சும் என்றது. பிரித்தானியாவில் 1960 இல் கேட்ட அதே குரல்கள்!

யப்பானின் கதை எம்மவர்க்கு அணித்தானது. அங்கு புதிய காருக்கு முதற் சோதனை 1983 தொடக்கம் மூன்றாம் ஆண்டிலும், பின் இரண்டாண்டுக்கொரு முறையும் நடைபெறுகின்றது. பத்தாண்டு கடந்த கார்களுக்கிருந்த ஆண்டுச் சோதனை 1995 இல் நீக்கப்பட்டது. ஆயினும் சோதனையோடு வரியும் காப்புறுதியும் பழுதுபார்த்தலும் ஒருங்கே சேர்வதால் அதன் செலவு மிக அதிகம். அச்செலவுக்கு அஞ்சி, நல்ல நிலையிலுள்ள காரையே விற்றுவிடுவது அங்கு வழக்கமாயிற்று. விற்கப்பட்டவை கப்பலேறி நியூசிலாந்துக்கும் இலங்கைக்கும் வந்தன. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ‘ரீகண்டிஷன்’ என்ற பெயரில் நாம் வாங்கிய கார்களின் வருகைக்குப் பிற காரணங்களோடு யப்பானியச் சோதனைச் சட்டமும் ஒரு காரணம் என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மறுபுறத்தில், யாழ்ப்பாணத்தின் வாடகைக் கார்களாகப் பல தசாப்தங்கள் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலியவை, பிரித்தானியாவில் மூன்றாண்டு விதி எந்தத் தலைமுறைக் கார்களைத் தெருவிலிருந்து அகற்ற உதவியதோ அந்தத் தலைமுறைக்கே உரியவை. தொண்ணூறுகளின் தடைக் காலத்தில் அவை மண்ணெண்ணெயிலும் ஓடின. அவற்றை ஓடவைத்தது சான்றிதழன்று, கராஜில் நின்ற மனிதரின் கைத்திறனே. இலங்கையிலே பஸ், லொறி முதலியவற்றுக்குத் தகுதிச் சான்றிதழ் உண்டு. தனியார் காரைப் பொறுத்தவரை 2008 இல் தொடங்கிய ஆண்டுப் புகைச் சோதனையே வருமான உத்தரவுப் பத்திரத்தோடு பிணைக்கப்பட்டது. பிறேக்கைக் கேளாது புகையை மட்டும் கேட்கும் இம்முறை தனியே ஆராயத்தக்கது.

மீண்டும் பிரித்தானியாவுக்கு வருவோம். ஐரோப்பிய சமூகம் 1976 டிசெம்பரில் வெளியிட்ட முதல் நெறிமுறை பாரவாகனம், பஸ், வாடகைக் கார், அம்புலன்ஸ் ஆகியவற்றை மட்டுமே தழுவிற்று. 1991 இலேயே தனியார் கார்கள் சேர்ந்தன: நான்காம் ஆண்டில் முதற் சோதனை, பின் ஈராண்டுக்கொரு முறை. இது குறைந்தபட்ச எல்லை. பிரித்தானியாவின் விதியோ அதைவிடக் கடியது. எனவே ஐரோப்பிய எல்லைக்கு இறங்கினால் என்ன என்ற கேள்வி பிரித்தானிய அமைச்சர்களுக்குக் காலந்தோறும் தோன்றிற்று. 2011 இல் பிலிப் ஹமண்ட் இதனைப் பரிசீலிக்கப்போவதாக அறிவித்தார். அவருக்குப் பின் வந்த ஜஸ்ரின் கிறீனிங் அவ்வாண்டு டிசெம்பரிலேயே கைவிட்டார். 2017 இல் முதற் சோதனையை நான்காம் ஆண்டுக்குத் தள்ளும் யோசனை, வாகனகாரருக்கு ஆண்டுக்கு 100 மில்லியன் பவுணுக்கு மேல் மிஞ்சும் என்ற கணக்கோடு வந்தது. 2018 ஜனவரியில் அதுவும் கைவிடப்பட்டது. 2022 இல் வாழ்க்கைச் செலவு உயர்ந்தபோது ஈராண்டு யோசனை அமைச்சரவையில் எழுந்தது. 2023 இல் நான்காண்டு யோசனை மறுபடியும் பொதுமக்கள் முன் வைக்கப்பட்டு, 2024 ஜனவரியில் மூன்றாண்டே நீடிக்கும் என அறிவிக்கப்பட்டது.

இத்தொடர் தோல்விகளுக்குச் சான்றின் வலிமை காரணமன்று என்றே எண்ணத் தோன்றுகின்றது. சோதனையைக் குறைத்ததால் ஒவ்வொருவருக்கும் மிஞ்சும் பணம் சிறிது; அதனால் ஒரு குழந்தை மாண்டதென ஒரு செய்தி வந்தால் அமைச்சர் இழப்பது பெரிது. சோதனை நடத்தும் கராஜ்காரரும், பாதுகாப்பு அமைப்புகளும், வாகனகாரர் சங்கங்களிற் பலவும் ஒரே அணியில் நின்றமை அரசியலில் அபூர்வமான காட்சி. 2020 மார்ச் 30 ஆம் திகதி தொற்றுநோயின் பொருட்டுச் சோதனைத் தவணை ஆறு மாதத்தால் நீடிக்கப்பட்டபோது, எவரும் திட்டமிடாத ஒரு பரிசோதனை நாடளாவ நடந்ததெனலாம். ஆனால் அக்காலத்தில் வீதிகளே வெறிச்சோடிக் கிடந்தமையால் அதிலிருந்து பாதுகாப்புப் பற்றிய முடிவெதனையும் பெற முடியாது. நிச்சயமாக விளைந்தது ஒன்றே: தவணைகள் ஒருங்கே திரண்டு, பின்வந்த ஆண்டுகளிலும் இலையுதிர் காலத்திற் கராஜ்கள் நெரிசலுற்றன.

எத்தனை முறை என்பதோடு யார் சோதிப்பது என்பதும் பிணைந்தே வரும். சுவீடன் 1963 இல் இதற்கெனவே ஒரு கம்பனியை நிறுவி, 1965 தொடக்கம் சோதனையை அதனிடமே ஒப்படைத்தது. பழுதுபார்ப்பதில் அதற்குப் பங்கில்லை. அந்த ஏகபோகம் 2010 இல் முடிவுற்றது. வட அயர்லாந்திலோ அரசாங்க நிலையங்களே சோதிக்கின்றன; முதற் சோதனையும் அங்கு நான்காம் ஆண்டிலேயே. ஆசை அற்ற அரசாங்கத்திடம் கொடுத்தால் யாவும் சீராகும் என்று கருதுவோர் 2020 ஜனவரியில் அங்கு நிகழ்ந்ததை நோக்குதல் நன்று. கார்களைத் தூக்கிச் சோதிக்கும் உயர்த்திகள் 55 இல் 48 இலே வெடிப்புக்கள் காணப்பட்டு, சோதனைகள் நிறுத்தப்பட்டன. பிறர் வாகனத்தின் குறை தேடிய இயந்திரங்களே சோதனையில் தேறவில்லை.

அமெரிக்காவின் போக்கு முற்றிலும் வேறானது. 1966 ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டத்தின் பின், சோதனை நடத்தாத மாநிலங்களுக்கு மத்திய அரசின் நிதி குறையும் என்ற அச்சம் இருந்தது. எழுபதுகளின் நடுப்பகுதியில் முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் சோதனை நடத்தின. 1976 இல் காங்கிரஸ் அத்தண்டனை அதிகாரத்தைப் பறித்தது. மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. 2015 இல் எஞ்சியவை பதினாறு. ரெக்சாஸ் 2025 ஜனவரி முதலாம் திகதியுடன் தனியார் கார்களின் பாதுகாப்புச் சோதனையைக் கைவிட்டது. சோதனைக்கு நன்மை உண்டென மாநில அதிகாரிகள் நம்புகின்றனர், அந்நன்மையை அளவிட்டுக் காட்டுவதோ கடினம் என்பதே மத்திய கணக்காய்வு அலுவலகம் 2015 இற் கண்டது.

ஐரோப்பாவோ எதிர்த்திசையிற் செல்ல முயல்கின்றது. 2012 இல் ஐரோப்பிய ஆணைக்குழு ஆறு வயது கடந்த கார்களுக்கு ஆண்டுச் சோதனை வேண்டுமென்றது. அங்கத்துவ நாடுகள் இணங்கவில்லை. 2014 இன் நெறிமுறை பழைய நான்கு, இரண்டு என்ற எல்லையையே வைத்துக்கொண்டது. ஃபொஸரின் ஆய்வு வெளியாகிச் சில ஆண்டுகளுக்குள், ஐரோப்பியப் பொருளாதாரப் பரப்பில் இணைந்ததன் விளைவாக, நோர்வேயே அவ்வெல்லையை ஏற்றுச் சோதனை நடத்தத் தொடங்கியிருந்தது. 2025 ஏப்பிரலில் ஆணைக்குழு தன் கோரிக்கையைத் தளர்த்தி மறுபடியும் முன்வைத்தது. ஆண்டுதோறும் சோதிக்கப்பட வேண்டியவை எனக் குறிக்கப்பட்டவை, இம்முறை, பத்து ஆண்டுகள் கடந்த கார்கள்.